நடுவில் கிடக்கும் நாலு மணிக்கூர்

எங்கள் வீட்டு அலாரம் கடிகாரத்தை அம்மா ஒரு துவர்த்தில் சுருட்டித்தான் வைப்பாள். அப்பாவுக்கு மட்டும் கேட்க வேண்டும், பிள்ளைகள் எழும்பிவிடக் கூடாது. மூணேகாலுக்குத் துணிக்குள்ளிருந்து வண்டு முரலுவது மாதிரி ஒரு சத்தம் வரும். நானும் தம்பியும் அதிலேயே எழும்பிவிடுவோம்; காட்டிக்கொள்ள மாட்டோம். அடுக்களையில் தீக்குச்சி உரசும் சத்தம், கட்டன் சாயாவின் மணம், பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடுவது. அப்பா போயாச்சு. இனி ராத்திரி பத்தரைக்குத்தான்.

அப்பா பஸ் கண்டக்டர். எந்தப் போக்குவரத்துக் கழகம், எந்த டிப்போ என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆனாலும் அங்கே அவருக்கு இன்னும் சினேகிதர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் டபுள் டூட்டி, மறுநாள் வீடு. இப்படித்தான் அவர் காலம் ஓடியது. விடியுமுன் கையெழுத்துப் போட்டால் ராத்திரி கலெக்‌ஷன் கட்டி, வேபில் என்ற டிக்கெட் கணக்குத் தாளை ஒப்படைத்து முடிக்கும்போது இரண்டு டூட்டி கணக்கில் ஏறியிருக்கும். மறுநாள் போக வேண்டாம். "இன்னைக்கு அப்பா உண்டுமா?" என்று தம்பி கேட்பதுதான் எங்கள் வீட்டுக் காலண்டர்.

வீட்டுக்குப் பின்னால் நூற்றைம்பது மூடு ரப்பர் இருந்தது. ரப்பரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். மரத்துக்கும் ஓய்வு வேண்டும். அப்பாவின் டூட்டியும் மரத்தின் டூட்டியும் சொல்லிவைத்தது போலப் பொருந்தின. அவர் வண்டியில் இருக்கும் நாள் மரம் சும்மா நிற்கும். அவர் வீட்டிலிருக்கும் நாள் விடியக்காலம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார். பாலெடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, மிஷினில் கொடுத்து ஷீட்டாக்கி, வெயிலில் கொடியில் போடும்போது மத்தியானம் ஆகிவிடும். எங்கள் பள்ளிக்கூடச் செலவு அந்தக் கொடியிலிருந்துதான் வந்தது. சம்பளம் அரிசிக்கும் கடனுக்கும் போயிற்று.

ஒரு வருஷம் டிப்போவுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். நோட்டீஸ் போர்டில் டூட்டி லிஸ்ட் மாறியது. டபுள் கிடையாது, எல்லாரும் தினமும் வர வேண்டும். காலையில் ஒரு தவணை, சாயங்காலம் ஒரு தவணை, நடுவில் ஓய்வு. லிஸ்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடாமல் திண்ணையிலேயே இருந்தார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப ரப்பரு?"

அது சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டது. எப்படி ஆயிற்று என்பது பெரிய கதை, அதில் எல்லாம் சொல்லும்படியானதும் இல்லை. ஆனால் அந்தத் திண்ணை ராத்திரி எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது 2022-இல், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில்.

களியக்காவிளை தாண்டினால் பாறசாலை. எங்களுக்கு அது வேறு மாநிலம் என்ற நினைப்பே கிடையாது. நான் பத்து வருஷத்துக்கு மேலாகத் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள். நம்ம வண்டியோ ஆனவண்டியோ, முதலில் எது வருகிறதோ அதில் ஏறுவேன். (கேரள அரசு பஸ்ஸில் இரண்டு யானை முத்திரை இருக்கும், அதனால் ஆனவண்டி.) இந்தச் சாலையில் அரசு பஸ் ஓடத் தொடங்கியது 1938 பிப்ரவரியில். அப்போது கன்னியாகுமரியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. லண்டனில் போக்குவரத்து வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கிய திருவிதாங்கூர் போக்குவரத்துத் துறையின் முதல் தடமே திருவனந்தபுரம் – கன்னியாகுமரி. 1956-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். வண்டி மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

2022 அக்டோபர் 1 அன்று பாறசாலை டிப்போவில் சிங்கிள் டூட்டி வந்தது. முதலில் எட்டு டிப்போக்களில் தொடங்குவதாகப் பேச்சு, கடைசியில் பாறசாலையில் மட்டும் சோதனை என்று ஆயிற்று. வண்டியை ஓட்டும் நேரம் எட்டு மணி நேரம். ஆனால் கையெழுத்துப் போட்டதிலிருந்து கணக்கு முடிப்பது வரை பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் நீளலாம். எட்டுக்கு மேல் வேலை செய்தால் அதற்குத் தனிக் கூலி. வாரம் ஆறு நாள் வரவேண்டும்.

அன்றைய சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்றது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. வேலையை ஒரு நாளில் இரண்டு தவணைக்கு மேல் துண்டு போடக் கூடாது, ஓய்வையும் சேர்த்து மொத்த நேரம் பன்னிரண்டு மணியைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. தொழிலாளியைக் காப்பாற்ற எழுதிய உச்சவரம்பு அது. பன்னிரண்டைத் தாண்டாதே என்று எழுதியதை, பன்னிரண்டு வரை போகலாம் என்று வாசித்தால் லிஸ்ட் தயார்.

அந்த ஆண்டு கேரளப் போக்குவரத்துக் கழகத்தில் சம்பளமே ஒழுங்காக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் தாமதமாவதற்காக மே மாதம் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஓணத்துக்கு முன்னால், சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதில் கூப்பன் கொடுக்கலாமா என்று நீதிமன்றத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் முதலமைச்சர் பினராயி விஜயன் சங்கத் தலைவர்களை அழைத்தார். நிலுவையைத் தருகிறோம், இனி மாதம் ஐந்தாம் தேதிக்குள் சம்பளம், நீங்கள் சிங்கிள் டூட்டிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். பேரம் இப்படித்தான் இருந்தது. செய்த வேலைக்கான கூலியையே ஈடாக வைத்து நடந்த பேரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மார்க்சிஸ்ட் கட்சி சார்பான சி.ஐ.டி.யு. ஒத்துக்கொண்டது. காங்கிரஸ் சார்பான டி.டி.எஃப். அக்டோபர் முதல் தேதியிலிருந்து காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்கியது.

அப்போது பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் பேசியது ஒன்றுதான். எட்டு மணி நேர வேலை, அதற்கு இவ்வளவு அழுகையா? எங்கள் ஆபீஸில் ஒன்பது மணி நேரம் இருக்கிறோமே. பக்கத்து ஸீட்டில் இருந்த ஒரு அம்மா என்னிடமே கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு டிரைவர். டிப்போவுக்கும் வீட்டுக்கும் ஒரு மணி நேர தூரம் என்று வைத்துக்கொள்வோம். டபுள் டூட்டியில் டிப்போவில் பதினாறு மணி நேரம், போக வர இரண்டு. ஆக பதினெட்டு. வாரத்தில் மூன்று நாள். மொத்தம் ஐம்பத்திநாலு. சிங்கிள் டூட்டியில், பன்னிரண்டு மணி நேரம் நீளும் லிஸ்டாக இருந்தால், பன்னிரண்டும் இரண்டும் பதினாலு. ஆறு நாள். எண்பத்திநாலு. இரண்டிலும் வண்டி ஓட்டியது அதே நாற்பத்தெட்டு மணி நேரம், சம்பளமும் அதே. வீட்டை விட்டு வெளியே கிடந்தது மட்டும் முப்பது மணி நேரம் கூடுதல். அந்த முப்பதும் எங்கே போயிற்று? மூன்று நாள் கூடுதல் போக்குவரத்தில் ஆறு. மீதி இருபத்திநாலும், காலைத் தவணைக்கும் சாயங்காலத் தவணைக்கும் நடுவில் தினமும் கிடக்கும் நாலு மணிக்கூர். அதில் வீட்டுக்குப் போய்வந்தால் உட்கார நேரமில்லை. வெட்டுக்கத்தி எடுக்க முடியாது, ஏனென்றால் மரம் வெட்டுவது விடியக்காலம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் முடியாது. அது ஓய்வு நேரமாம்.

இப்போது மறுபக்கம். மத்தியானம் பதினொன்றரைக்குக் களியக்காவிளையிலிருந்து ஏறிப் பாருங்கள், வண்டியில் ஏழு பேர் இருப்பார்கள். அதே தடத்தில் காலை எட்டு மணிக்குப் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வெறும் வண்டிக்கு டீசல் ஊற்றுவதற்குப் பதில் கூட்டம் இருக்கும் நேரத்தில் இரண்டு வண்டி விடலாமே என்று நிர்வாகம் யோசிப்பதில் தப்பு சொல்ல முடியாது. டபுள் டூட்டியில் ஒரு வண்டிக்கு இரண்டு ஜோடி ஆள், நாள் விட்டு நாள். அதே இரண்டு ஜோடியும் தினமும் வந்தால் காலையில் ஒரு வண்டிக்குப் பதில் இரண்டு வண்டி ஓடும். புது ஆள் எடுக்க வேண்டாம். கேரளத்தில் ஒரு பஸ்ஸுக்கு எத்தனை ஆள் என்ற கணக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகம், அதைக் குறைக்க வேண்டும் என்று பேராசிரியர் சுசீல் கன்னா கொடுத்த அறிக்கை முன்பே இருந்தது. 2018-இல் டோமின் தச்சங்கரி என்ற போலீஸ் அதிகாரி கழகத்தின் தலைமைக்கு வந்து, மே தினத்தன்று தானே கண்டக்டர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வண்டியேறினார். அவர் காலத்திலும் சிங்கிள் டூட்டி வந்தது, அடுத்த ஜனவரியில் அவர் மாற்றப்பட்டார். ஆளைக் குறைப்பதும் லிஸ்டை மாற்றுவதும் ஒரே வேலைதான் என்பது எங்கள் டிப்போ மேலாளருக்கும் தெரிந்திருக்கும். ஆளைக் குறைக்கிறேன் என்றால் போராட்டம் வரும். லிஸ்டை மாற்றுகிறேன் என்றால் அது வெறும் நிர்வாக வேலை.

அந்த எட்டு மணி வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவள் நான்தான். எனக்குக் கூடுதல் வண்டி வேண்டும். அது வந்தால் என் கை வலி குறையும். இதை மறைத்துவிட்டுத் தொழிலாளர் பக்கம் மட்டும் பேசினால் அப்பாவே சிரிப்பார்.

டபுள் டூட்டி நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல், காலை நாலரையிலிருந்து ஸ்டியரிங் பிடித்த ஒருவர் எதிர் வண்டியின் வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கிக்கொண்டு மலைப்பாதையில் வளைவு திருப்புகிறார். அப்பா கடைசி டிரிப்பில் ஸீட்டில் உட்கார மாட்டார். டிரைவருக்குப் பக்கத்தில், எஞ்சின் பாக்ஸை ஒட்டி நின்றுகொள்வார். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர் வம்பு, பழைய செக்கிங் கதைகள், சினிமா, எதுவானாலும். டிரைவர் 'ம்' கொட்டுவது நின்றால் தோளில் ஒரு தட்டு. "ஒருக்கா ம் கேக்கல, மக்ளே. பாத்தா கண்ணு தொறந்துதான் இருக்கு. ஆளு இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். அன்று வண்டி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு பலாமரத்துக்கு இரண்டடி தள்ளி நின்றதாம். வண்டியில் பதினாலு பேர். டிப்போவில் யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

ஆபத்தானது என்று தெரிந்தும் ஏன் அதையே கேட்டுப் போராடினீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "மறுநாள் எனக்குள்ளதுல்லா" என்றார்.

ஆகவே கேள்வி டபுளா சிங்கிளா என்று இருப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. எட்டு மணி நேரம் ஒரே தவணையாக, வீட்டுக்குப் பக்கத்து டிப்போவில், அடுத்த தவணைக்கு வேறு ஜோடி. இதைக் கேட்காத சங்கம் எதுவும் இருக்காது. அதற்கு ஆள் எடுக்க வேண்டும். வேண்டிய அளவு ஆள் எடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரண்டு மாநிலங்களும் செய்து பார்த்தாகிவிட்டது. கேரளத்தில் 2018 அக்டோபரில் ரிசர்வேஷன் கவுண்டரைக் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பிடம் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் திடீரென்று வண்டிகள் நின்றன. 2022 ஏப்ரலில் ஸ்விஃப்ட் என்ற தனிக் கம்பெனியின் பேரில் நீண்டதூர வண்டிகள் ஓடத் தொடங்கின. அதில் டிரைவரும் கண்டக்டரும் ஒருவரே, ஒப்பந்த வேலை. இந்தப் பக்கம் 2023 மே மாதக் கடைசியில், ஒப்பந்த டிரைவர்களை எடுக்கிறார்கள் என்று சென்னையில் சாயங்கால நேரம் பார்த்து மாநகர பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பின. 2024 ஜனவரி 9-ஆம் தேதி மாநிலம் முழுக்க நடந்த வேலைநிறுத்தத்திலும் காலியிடங்களை நிரப்பு என்பது ஒரு கோரிக்கை. பொங்கல் நேரம் என்பதால் அதைப் பற்றி டி.வி.யில் வந்ததெல்லாம் பயணிகள் அவதி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதன் ஆகச் சுத்தமான வடிவம் நாகர்கோவில் – திருநெல்வேலி எண்ட் டு எண்ட் வண்டி. கண்டக்டர் ஸ்டாண்டிலேயே எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார். வண்டி எங்கும் நிற்காமல் போகும். வேகமாகப் போய்ச் சேரும், எனக்கும் பிடித்த வண்டிதான். ஒருநாள் ராத்திரி அதில் முன் ஸீட்டில் இருந்தேன். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது, பின்னால் எல்லாரும் தூக்கம். எஞ்சின் பாக்ஸுக்குப் பக்கத்தில் அப்பா நிற்கும் இடம் காலியாக இருந்தது. எனக்கு வள்ளியூர் வரை தூக்கம் வரவில்லை. கடைசியில் நானே, "அண்ணே, இது எத்தனாவது டிரிப்?" என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்ப்ளெயிண்ட் கொடுக்கிற ஆள் என்று நினைத்திருப்பார். பதில் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு மத்தியானம். ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வரும் வழியில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்டில் வண்டி மாற வேண்டியிருந்தது. எந்த ஸ்டாண்ட் என்பது வேண்டாம். வெயில் கொளுத்தியது. நிழல் இருந்த ஒரே இடம் சாயாக்கடையின் சாய்ப்பு. அங்கே பெஞ்சில் கண்டக்டர் ஒருவர் படுத்திருந்தார். எனக்குத் தெரிந்த முகம். காலை வண்டியில் பாக்கிச் சில்லறையை மறக்காமல் தருகிறவர். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக வைத்திருந்தார். கலெக்‌ஷன் பையைத் தலைக்கு வைத்து, வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். டிக்கெட் மிஷின் வயிற்றின் மேல் இருந்தது, மூச்சுக்கு ஏறி இறங்கியது. முகத்தில் ஒரு துவர்த்து. டிப்போவுக்குள் ஓய்வறை ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். "அவிடெ ஃபேன் இல்லா" என்றார் சாயாக்கடைக்காரர்.

நான் சாயா குடித்து முடிப்பதற்குள் துவர்த்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மோளே, மணி எத்தரயாயி?"

"பன்னெண்டே முக்கால் அண்ணா."

அவ்வளவுதான். மறுபடி மூச்சு சீராகிவிட்டது. எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு வண்டி வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் கடைக்காரரிடம், இவருக்கு எப்போது டூட்டி, யாராவது எழுப்புவார்களா என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் சாயா ஆற்றிக்கொண்டே முகவாயால் சுவரைக் காட்டினார். பாய்லருக்குப் பின்னால், கரி பிடித்த சுவரில் சாக்பீஸால் நாலு நேரங்கள் எழுதியிருந்தன. 1.10, 1.40, 2.00, 2.25. முதல் எண்ணின் மேல் ஏற்கெனவே ஒரு கோடு அடித்திருந்தது.